இரண்டும் இடது கால்

‘வெள்ளிக்கோள் விருந்தாளி’ படத்தை மறுபடியும் புதுசாக எடுக்கப்போகிறார்கள் என்று பேப்பரில் செய்தி வந்த செவ்வாய்க்கிழமை, காலை ஏழே முக்கால் பஸ்ஸில் இரும்பழகன் ஏழாங்கல்லுக்கு வந்து இறங்கியது. பழைய படத்தில் வரும் அதே இயந்திர மனிதன். அதே தகர உடம்பு, நெஞ்சில் அதே சிவப்பு பல்பு, தலையில் அதே ரெண்டு ஆண்டெனா, கை இருக்கவேண்டிய இடத்தில் அதே இடுக்கி. எங்கே ஏறியது என்று பிற்பாடு கேட்டவர்களுக்குக் கண்டக்டர் சொன்ன பதில், ஸ்டாப்பில் நின்றது, கையைக் காட்டியது, நிறுத்தினோம், அவ்வளவுதான். ஆளா சாமானா என்று அவருக்கும் ஒரு நிமிஷம் குழப்பம் இருந்திருக்கிறது. முகத் தகட்டைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்து, யாருமில்லை, வெறும் இருட்டும் கொஞ்சம் பவுடர் வாசனையும்தான் என்று உறுதிப்படுத்திக்கொண்டு, லக்கேஜ் டிக்கெட் கிழித்து இடுக்கியில் சொருகிவிட்டார்.

பஸ் ஸ்டாண்டில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. ஏழாங்கல்லில் அந்தப் படத்தைப் பார்க்காத ஆள் கிடையாது, அதனால் தெரிந்த முகம் ஊருக்கு வந்தால் எப்படிப் பார்ப்பார்களோ அப்படித்தான் பார்த்தார்கள். டீக்கடையில் நின்றவர்கள் வழிவிட்டார்கள். அது இடது காலை எடுத்து நேரே வைத்து, வலது காலை உள்ளே திருப்பி இழுத்து வைத்து, இடுப்பை ஒரு வெட்டு வெட்டி, டக், சர்ர், டக், சர்ர் என்று கடைத்தெருவில் நடந்தது. ரசிகர் மன்றத் தலைவர் தாவீது அண்ணாச்சி வேட்டியைக் கூடச் சரியாகக் கட்டாமல் வாசலுக்கு ஓடிவந்து கைகூப்பி நின்றார். அது அவரைத் தாண்டிப் போனது. மன்றம் கூடுகிற கொம்பையா சலூனையும் தாண்டிப் போனது. மேற்கே திரும்பி, குருவம்மாவின் மாவு மில்லுக்குள் நுழைந்தது.

குருவம்மா பச்சரிசி அரைத்துக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டது என்று சொல்ல முடியாது, மில் ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. ஆனால் தரையில் படிந்திருந்த மாவில் ஒரு தடம் விழுவதைப் பார்த்தாள், மோட்டாரை நிறுத்தினாள், அப்புறம் அந்தச் சத்தத்தைக் கேட்டாள். ஆறு வருஷமாகக் கேட்காத சத்தம். மாவுக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, முகத் தகட்டைத் தூக்கி உள்ளே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு தகட்டை இறக்கிவிட்டுச் சொன்னாள்: “சரி. வந்தது வந்துட்ட. அந்த ஓரமா நில்லு, பெல்ட்டுல மாட்டிக்கிடாத.”

ஏன் அவள் வீட்டுக்கு வந்தது என்பதுதான் மன்றத்துக்கு அன்றைய பெரிய மனக்குறை. முப்பத்தெட்டு வருஷமாக அந்தப் படத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடிய இருபத்தாறு உறுப்பினர்கள் ஊரில் இருக்க, ஒரு கூட்டத்துக்குக்கூட வராத பொம்பளை வீட்டில் போய் அது நிற்பானேன்?

படத்தின் கதையை இங்கே சொல்லிவிட வேண்டும். மெட்ராஸில் அது பதினொரு நாள் ஓடியது. அதில் நாலு நாள் ஆளில்லாமல் சும்மா ஓடியது. ஆனால் ஏழாங்கல் டூரிங் கொட்டகைக்குப் படப்பெட்டி வந்த ரெண்டாம் நாள் ஆற்றில் வெள்ளம் வந்து பாலத்தை அடித்துக்கொண்டு போய்விட்டது, பெட்டி திரும்பிப் போக வழியில்லை, வேறு பெட்டி வர வழியில்லை, பாலம் கட்டி முடிக்கும்வரை நூற்றுப் பதினேழு நாள் ஊர் மொத்தமும் அந்த ஒரே படத்தைப் பார்த்தது. முதல் வாரம் திட்டிக்கொண்டே பார்த்தது. மூன்றாம் வாரம் வசனம் மனப்பாடமானது. ரெண்டாம் மாதம் வெள்ளிக்கோளிலிருந்து வந்த அந்த இரும்பழகனுக்கு உடம்பு சரியில்லாமல் போகும் கட்டத்தில் பெண்கள் அழுதார்கள். மூன்றாம் மாதம் அது ஏன் அப்படி நடக்கிறது என்று சண்டை ஆரம்பித்தது, அந்தச் சண்டையைத் தொடர்ந்து நடத்துவதற்காக மன்றம் ஆரம்பித்தார்கள்.

மன்றம் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குக் கூடும், அன்றைக்குத்தான் சலூனுக்கு லீவு. மூன்று பக்கமும் கண்ணாடி, சுழல் நாற்காலியில் தலைவர், பெஞ்சில் மற்றவர்கள், ஆளுக்கு ஒரு கிளாஸ் டீ. எந்த விஷயமானாலும் பேசித் தீர்ப்பார்கள். ஒத்துக்கொண்டவர் குடித்து முடித்த கிளாஸைக் கவிழ்த்து வைக்க வேண்டும். எல்லாக் கிளாஸும் கவிழ்ந்தால்தான் தீர்மானம். ஒரு கிளாஸ் நிமிர்ந்திருந்தாலும் அடுத்த செவ்வாய்க்கிழமை.

அப்படி எல்லாக் கிளாஸும் கவிழ்ந்து முடிவானதுதான் ‘ஈர்ப்புநடை’. தொலைபேசி இலாகாவில் லைன்மேனாக இருந்த தாவீது அண்ணாச்சி கண்டுபிடித்த சொல் அது. வெள்ளிக்கோளில் ஒரு பக்கம் ஈர்ப்பு கூடுதல், அதனால் அங்கே பிறந்தவன் வலது காலை உள்ளே வாங்கித்தான் வைப்பான், அந்தப் பழக்கம் பூமிக்கு வந்தும் போகவில்லை என்று நாற்பது பக்க நோட்டில் படம் போட்டு எழுதியிருந்தார். டைரக்டரின் மேதைமை என்றால் அதுதான் என்பார். சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கும்.

அந்தக் கூட்டத்தில் கடைசிப் பெஞ்சில், சுவரோரம், இருபத்தைந்து வருஷம் உட்கார்ந்து டீ குடித்தவர் மாசானம். குருவம்மாவின் புருஷன். மெட்ராஸில் ஏதோ ஸ்டூடியோவில் எடுபிடி வேலை பார்த்துவிட்டு ஊர் ஊராக அலைந்து ஏழாங்கல்லுக்கு வந்து மில்லில் சேர்ந்து, மில்காரர் மகளையே கட்டிக்கொண்டவர். இடது காலை நேரே வைத்து, வலது காலை உள்ளே திருப்பி, இடுப்பை ஒரு வெட்டு வெட்டி நடந்துதான் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் சலூனுக்குள் நுழைவார், மூன்று கண்ணாடியிலும் அந்த நடை தெரியும், இருபத்தாறு பேரும் திரும்பிப் பார்த்து “வாரும், உக்காரும்” என்பார்கள், சொல்லிவிட்டு ஈர்ப்புநடையைப் பற்றிய விவாதத்தைத் தொடர்வார்கள்.

ஊரில் மூன்று மாசானம். கறிக்கடை மாசானம், டிரைவர் மாசானம், நொண்டி மாசானம். யாரும் மனசில் விஷம் வைத்துச் சொன்னதில்லை, அடையாளத்துக்குச் சொன்னதுதான். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவர் செத்தபோது கடைத்தெருவில் கட்டிய கண்ணீர் அஞ்சலி பேனரிலும் எந்த மாசானம் என்று ஜனங்கள் குழம்பக் கூடாதே என்று ‘திரு. மாசானம் (நொண்டி)’ என்றுதான் போட்டார்கள். குருவம்மா பதினாறாம் நாள் வரை அந்தப் பேனருக்குக் கீழேயே போய்வந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருக்கலாம், ஆனால் மனுஷன் அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

இரும்பழகன் வந்த முதல் வாரம் ஊருக்குக் கொஞ்சம் அலுவல் இருந்தது. அம்மன் கோயில் பூசாரியும் பாஸ்டரும் இமாமும் தனித்தனியே வந்து பார்த்துவிட்டு, இது நம்ம கேஸ் இல்லை என்று தனித்தனியே சொல்லிவிட்டுப் போனார்கள். மின்சார வாரிய ஆள் வந்து அந்த நெஞ்சு பல்பு எந்த லைனில் எரிகிறது என்று சுற்றிச் சுற்றித் தேடி, ஒயர் அகப்படாமல், வியர்வையைத் துடைத்துக்கொண்டு மோர் வாங்கிக் குடித்தார். கணக்கெடுக்க வந்த அம்மா வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டதற்குக் குருவம்மா “ஒண்ணரை” என்றாள், அந்த அம்மாவும் தலையை ஆட்டிக்கொண்டு எழுதிக்கொண்டாள். மூன்றாம் நாளிலிருந்து இரும்பழகன் சல்லடையைப் பிடித்துக்கொள்ளப் பழகியது. சூடாக வறுத்த கோதுமை டின்னை இடுக்கியால் தூக்கியது. தண்ணீர் வரும் நாளில் குழாயடியில் குருவம்மாவின் குடத்துக்கு முன்னால் இடம் பிடித்து நின்றது, எட்டடி தகரத்தோடு யார் மல்லுக்கட்ட முடியும், வரிசை ஒழுங்கானது. ஒரு காகம் அதன் இடது ஆண்டெனாவில் உட்கார்ந்து பழகிவிட்டது.

அது தன் புருஷன் என்று குருவம்மா ஒருநாளும் நினைக்கவில்லை. அப்படி நினைக்கச் சொல்லி வந்த பெண்களை அவளே திருத்தினாள். “அவுக மொளகாப்பொடி இல்லாம இட்லித் தட்டத் தொட மாட்டாவ. இது தட்டையே திரும்பிப் பாக்கல. இது வேற.” ஆனால் மத்தியானம் மில்லில் ஆள் இல்லாத நேரத்தில் மோட்டாரை அணைத்துவிட்டு, “இங்கன இருந்து அந்தச் செவர் வரைக்கும் ஒருதரம் போய்ட்டு வா” என்பாள், கண்ணை மூடிக்கொள்வாள். டக், சர்ர், டக், சர்ர். மாவுத் தரையில் தடம் விழும். அந்தத் தடத்தைப் பார்க்க அவளுக்குச் சலித்ததே இல்லை.

இந்தச் சமயத்தில்தான் படக் கம்பெனியிலிருந்து மன்றத்துக்குக் கடிதம் வந்தது. மாநிலத்திலேயே இந்தப் படத்துக்கென்று இருக்கும் ஒரே மன்றம் என்பதால், புதுப் படத்தில் எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்று மூன்று வாரத்துக்குள் எழுதுங்கள், நீங்கள் ஒத்துக்கொண்டதைத்தான் செய்வோம் என்று, இருபத்திமூன்று கேள்வியும் புது இரும்பழகனின் கலர் படமும் வைத்து அனுப்பியிருந்தார்கள். புது இரும்பழகன் வழவழவென்று இருந்தது. முகம் இல்லை. கால் இல்லை. கீழே ஒரு உருண்டை, அதன் மேல் உருண்டு போகும்.

“பாத்திரங் கழுவுற சோப்பு டப்பா மாரில்லா இருக்கு,” என்றான் கொம்பையா. சலூன் அவனுடையது, நாக்கும் கத்தி.

“எதிர்காலத்துல இருந்து வாரது பின்ன எப்படி இருக்கும், ரிவெட் அடிச்சா இருக்கும்?” என்றாள் மும்தாஜ் டீச்சர். பாலிடெக்னிக்கில் மெஷின் டிராயிங் சொல்லிக்கொடுப்பவள், மன்றத்தில் சேர்ந்து எட்டு வருஷம், காரணம் இல்லாத ஒரு கோடுகூட அவளுக்கு ஆகாது. “ஆண்டெனா எதுக்குங்கேன்? என் கைபோன்ல ஆண்டெனா இருக்கா? உள்ளுக்குள்ளதான இருக்கு. வெள்ளிக்கோள்காரன் நம்மளவிடப் பின்தங்கியா இருப்பான்?”

நியாயம் நியாயம்தானே. ஒன்றரை மணி நேரம் பேசி, ஒவ்வொரு கிளாஸாகக் கவிழ்ந்து, இருபத்தாறும் கவிழ்ந்தது. அந்த நிமிஷம் மில்லில் இரும்பழகனின் ரெண்டு ஆண்டெனாவும் இல்லாமல் போயின. காகம் உட்கார்ந்த வாக்கிலேயே ஒரு அடி கீழே இறங்கி, ஒன்றும் புரியாமல் குருவம்மாவைப் பார்த்தது.

சேதி சலூனுக்கு வந்தது. அத்தோடு நிறுத்திக்கொள்வார்கள் என்று நினைத்தால் உங்களுக்கு ரசிகர்களைத் தெரியாது. “அப்பம் நம்ம தீர்மானத்துக்கு மதிப்பு இருக்கு வே,” என்றார் தாவீது அண்ணாச்சி. அடுத்த கேள்விக்குப் போனார்கள்.

நெஞ்சு பல்பு போனது. இடுக்கி போய் வழவழப்பான ஐந்து விரல் கேட்டார்கள், இடுக்கி மட்டும் போனது, விரல் வரவில்லை. கதையிலும் கைவைத்தார்கள். புதுப் படத்தில் இடைவேளையில் இரும்பழகன் வில்லனாக மாறுகிறது என்று எழுதியிருந்த கேள்விக்கு, திருப்பம் இல்லாமல் இந்தக் காலத்தில் எவன் பார்ப்பான் என்று பத்தொன்பது கிளாஸ் கவிழ்ந்தது. மில்லில் இரும்பழகன் வண்டி அச்சைப் போலிருந்த இரும்பு உலக்கையை இல்லாத கையால் ஓங்கிக்கொண்டு குருவம்மாவைப் பார்த்துத் திரும்பியது. “விருந்தாளியா வந்தவன் அடிப்பானா வே? படத்துப் பேரையே மாத்தணும்,” என்று கொம்பையா தன் கிளாஸை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கடைசிவரை கவிழ்க்காமல் இருந்ததால் அது உலக்கையைக் கீழே வைத்தது. “என்ன, கிறுக்குப் புடிச்சிட்டா ஒனக்கு?” என்று மட்டும் குருவம்மா கேட்டாள்.

மூன்றாம் செவ்வாய்க்கிழமைக்குள் இருபத்திரண்டு கேள்வி முடிந்துவிட்டது. தலை, தோள், உடம்பு எல்லாம் போய், இரும்பழகன் என்று சொல்ல முழங்காலுக்குக் கீழே ரெண்டு தகரக் கால் மட்டும் மில்லில் நடந்துகொண்டிருந்தது. மாவு அரைக்க வந்தவர்கள் மிதித்துவிடாமல் ஒதுங்கிப் போகப் பழகிக்கொண்டார்கள். காகம் வேறு இடம் பார்த்துக்கொண்டது. குருவம்மா அதற்கெல்லாம் அலட்டிக்கொள்ளவில்லை. “மேல உள்ளது ஸ்டூடியோக்காரன் சாமான். போனாப் போவட்டும்,” என்றாள். ஆனால் இருபத்திமூன்றாவது கேள்வி என்ன என்று கொம்பையா பெண்டாட்டி வந்து சொன்னபோது அவள் அளந்துகொண்டிருந்த படியைக் கீழே வைத்தாள். நடை வேண்டுமா, உருண்டை வேண்டுமா.

அவள் மோட்டாரை அணைத்தாள். கைகாலைக் கழுவவில்லை, சேலையை மாற்றவில்லை. ஒரு பை நிறைய மாவை அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டு, “வா,” என்றாள். ரெண்டு காலும் பின்னால் வந்தன. செத்த மனுஷனுக்குச் செய்த சத்தியத்தை உடைப்பது என்று பஸ் ஸ்டாண்டு திருப்பத்தில் முடிவு செய்தாள். அதற்கப்புறம் நடையில் வேகம் கூடியது.

அவள் சலூனுக்குள் நுழையும்போது மும்தாஜ் டீச்சர் பேசிக்கொண்டிருந்தாள். “அண்ணாச்சி, கோவப்படாதிய. ஒரு பக்கம் ஈர்ப்பு கூடன்னா உடம்பே அந்தப் பக்கம் வளைஞ்சிருக்கணும். கால் மட்டும் உள்ள திரும்பாது. ஒங்க ஈர்ப்புநடைக்கு அறிவியல்ல எடம் இல்ல. காரணம் இல்லாத நடைய வச்சு என்ன செய்ய?” தாவீது அண்ணாச்சி நோட்டை மடியில் வைத்துக்கொண்டு சுழல் நாற்காலியில் இருந்தார். பதினைந்து கிளாஸ் கவிழ்ந்திருந்தது. வாசலில் வந்து நின்ற தகரக் கால் ரெண்டும் லேசாக வெளுத்து, பின்னால் இருக்கும் நிலைப்படி தெரிய ஆரம்பித்தது.

“காரணம் இருக்கு,” என்றாள் குருவம்மா. “நான் சொல்லுதேன்.”

எல்லோரும் திரும்பினார்கள்.

“அந்தத் தகரத்துக்குள்ள இருந்தது எங்க வீட்டு ஆளு. இருபத்திரெண்டு வயசுல, எட்டு மாசம். எழுத்துப் போடும்போது கொரல் குடுத்தவன் பேரு போட்டாவ, உள்ள வெந்து கெடந்தவுக பேரு போடல. இந்தக் காலு ரெண்டையும் அடிச்ச தகர ஆசாரி ஒரே அச்சுல வச்சு அடிச்சிட்டாரு. ரெண்டுமே எடது காலு. சூட்டிங் அன்னைக்குத்தான் பாத்திருக்காவ. வேற செய்ய நேரமில்ல, நடடான்னுட்டான் டைரக்டரு. எடது காலுத் தகரத்த வலது கால்ல மாட்டிக்கிட்டு நேரா நடக்கணும்னா காலை உள்ள திருப்பித்தான் வைக்கணும், இல்லன்னா வட்டந்தான் சுத்தணும். எட்டு மாசம் திருப்புன காலு பொறகு திரும்பவே இல்ல. இதுக்கு மேல என்ன காரணம் வேணும் ஒங்களுக்கு?”

பையை அவிழ்த்து மாவைத் தரையில் கொட்டி, பெருக்குமாறு இல்லாததால் முந்தானையாலேயே பரப்பினாள். “போ,” என்றாள். ரெண்டு தகரக் காலும் சலூனுக்குக் குறுக்கே அந்தச் சுவர் வரை நடந்தன. டக், சர்ர், டக், சர்ர். வெள்ளைத் தரையில் விழுந்த ஒவ்வொரு தடத்திலும் பெருவிரல் புடைப்பு வலது பக்கமே இருந்தது. இந்தத் தடத்திலும் வலது பக்கம், அந்தத் தடத்திலும் வலது பக்கம். அறுபது தடவை, எழுபது தடவை படம் பார்த்த இருபத்தாறு பேரும் குனிந்து பார்த்தார்கள்.

“நம்ம நொண்டி மாசானமா?” என்றான் கொம்பையா.

அவன் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் குருவம்மா ஆறு வருஷமாக, அதற்கும் முன்னால் இருபத்தொன்பது வருஷமாக உள்ளே வைத்திருந்தது அந்த ஒரு சொல்லில் வெளியே வந்தது.

“அதத்தான் கேக்க வந்தேன்,” என்றாள். குரலை உயர்த்தவில்லை. “நடை ஒண்ணுதான். அது படத்துல நடந்தா ஈர்ப்புநடை. ரோட்டுல நடந்தா நொண்டியா? இருபத்தஞ்சு வருசம் இந்தப் பெஞ்சுல வந்து இருந்தாவ. நீங்க மூணு பக்கமும் கண்ணாடி வச்சிக்கிட்டு அந்த நடையப் பத்தியே பேசினிய. ஒருத்தர் கண்ணுக்கும் தெரியல. சொல்லிரும்னு நான் எத்தன தடவ சொல்லியிருக்கேன். ‘சொன்னா தாவீது அண்ணாச்சி அந்த நோட்ட என்ன செய்வாரு, பாவம்’னு சிரிச்சிக்கிட்டே முழங்கால்ல எண்ணெய் தேச்சிக்கிடுவாவ. ஒங்களுக்காகத்தான் வாய மூடிக்கிட்டு இருந்தாவ. நீங்க பேனர்லயும் நொண்டின்னு போட்டிய.”

தாவீது அண்ணாச்சி நோட்டைத் திறந்தார், மூடினார். அவர் முகத்தைப் பார்க்கக் குருவம்மாவுக்கே சங்கடமாக இருந்தது, ஆனாலும் பார்வையை எடுக்கவில்லை.

மும்தாஜ் டீச்சர்தான் முதலில் வாயைத் திறந்தாள். “எக்கா, மனசுல வச்சிக்கிடாதிய. அப்படிப் பாத்தா இது ஒரு தப்பு. ஆசாரி செஞ்ச தப்பு. தப்ப எப்படி வச்சிக்கிட?”

தகரக் கால்கள் இன்னும் கொஞ்சம் வெளுத்தன.

“நீ படிச்சவ. குனிஞ்சு பாரு,” என்றாள் குருவம்மா.

மும்தாஜ் டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு மாவில் மண்டியிட்டாள். பையிலிருந்து ஸ்கேலை எடுத்தாள், தடத்துக்குத் தடம் வைத்தாள், முதல் தடத்திலிருந்து கடைசித் தடம் வரைக்கும் தவழ்ந்தே போனாள். திரும்பி வந்து ஸ்கேலைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “காலு தப்புதான். தடம் தப்பில்ல. கோடு போட்ட மாதிரி நேராப் போவுது. ஒவ்வொரு எட்டுலயும் ஆசாரி தப்ப அவரு சரி பண்ணியிருக்காரு. ஒரு எடத்துலகூட அரை இஞ்சு வெலகல.” பிறகு கவிழ்த்து வைத்திருந்த தன் கிளாஸைத் தூக்கி நிமிர்த்தி வைத்தாள்.

மன்றச் சரித்திரத்தில் கவிழ்ந்த கிளாஸ் நிமிர்ந்தது அதுதான் முதல் தடவை. பிறகு கொம்பையாவின் கிளாஸ். பிறகு ஒவ்வொன்றாகப் பெஞ்ச் நெடுக. தகரத்துக்கு நிறம் திரும்பியது. தாவீது அண்ணாச்சி நாற்காலியிலிருந்து எழுந்து, நோட்டின் முதல் பக்கத்தில் ‘ஈர்ப்புநடை’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்ததற்குக் கீழே பேனாவால் ‘நடந்தவர்: மாசானம்’ என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் எதுவும் போடாமல், குருவம்மாவிடம் நீட்டினார். “மைனி,” என்றார்.

அங்கிருந்தே கம்பெனிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்கள். உதவி டைரக்டர் நிரஞ்சன் என்ற பையன் எடுத்தான். கதை முழுதையும் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டான். “சார், உருண்டை எங்களுக்கும் பிடிக்கல. இந்த நடைக்காக ரெண்டு மாசமா நாங்க முயற்சி பண்ணிட்டோம். உடம்பு பூரா பொட்டு ஒட்டி, ஒரு ஆளை நடக்கவிட்டு, அந்த நடையைத்தான் கம்ப்யூட்டர் எடுத்துக்கும். டான்ஸ் ஆடுறவங்க எட்டுப் பேர் நடந்து பார்த்தாங்க. குடிச்சிட்டு வர்ற மாதிரிதான் வருது. நடக்க ஆள் இருந்தா நடை உண்டு. அவர்தான் இல்லைங்கிறீங்களே.”

போன் கையில் இருக்க, எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். தரையைப் பார்த்துக்கொண்டே இருந்ததால்தான் தாவீது அண்ணாச்சி கண்ணில் அது பட்டது. மாவில் தகரக் கால் போன தடம் ஒரு வரிசை. அதற்குப் பக்கத்தில், முந்தானையால் மாவைப் பரப்பிவிட்டு வெறுங்காலோடு சுவரோரம் ஒதுங்கிப்போன குருவம்மாவின் தடம் இன்னொரு வரிசை. இடது நேரே. வலது உள்ளே திரும்பி, குதிகாலில் ஒரு இழுப்பு. இந்த முறை அவருக்கு முப்பத்தெட்டு வருஷம் ஆகவில்லை.

“மைனி, ஒரு எட்டு அங்கன இருந்து இங்க நடந்து வாங்க,” என்றார்.

“எதுக்கு?”

“வாங்க சொல்லுதேன்.”

அவள் நடந்தாள். மூன்று கண்ணாடியிலும் அவளே அவளைப் பார்த்தாள். வலது செருப்பு மட்டும் ஏன் உள்பக்கம் தேய்கிறது என்று செருப்புத் தைக்கிறவர் வருஷா வருஷம் கேட்பார், சரக்கு மட்டம் என்று அவள் அவரோடு சண்டை போடுவாள். இருபத்தொன்பது வருஷம் அந்த மனுஷன் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் எட்டுக்கு எட்டு வைத்து, கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கடைத்தெருவுக்கும் நடந்த கால் அது. அவர் போன பிறகும் தனியே அப்படியே நடந்திருக்கிறது. யாரும் சொல்லவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. கண்ணாடிக்கு முன்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், அழுது முடித்துவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு போன் பக்கம் திரும்பினாள்.

“தம்பி, ஆளு இருக்கு. என்னைக்கு வரணும்?”

“அம்மா, உங்களுக்கு என்ன வயசு?”

“அம்பத்தெட்டு. மெட்ராசுல அத வச்சா நடக்காவ? காலைத்தான வச்சு நடக்காவ?” என்றாள். “எழுத்துப் போடும்போது அவுக பேரு போடணும். அதுக்கு ஒத்துக்கிட்டாத்தான் வருவேன். கேட்டுட்டுச் சொல்லு, நான் இங்கனயே நிக்கேன்.”

கேட்டுவிட்டுச் சொன்னான். போடுவார்கள்.

வியாழக்கிழமை காலை மில்லைப் பூட்டிச் சாவியை மும்தாஜ் டீச்சரிடம் கொடுத்துவிட்டு, குருவம்மா பஸ் ஏறினாள். மன்றம் மொத்தமும் வழியனுப்ப வந்திருந்தது. தகரக் கால் ரெண்டும் அவளுக்கு முன்னால் படியேறி, ஜன்னலோர சீட்டுக்குக் கீழே ஒழுங்காகச் சேர்ந்து நின்றன. அவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். டக், சர்ர் சத்தம் நின்றதும் கண்டக்டர் வந்தார். அதே கண்டக்டர்தான்.

“ஜங்ஷனுக்கு ரெண்டு,” என்றாள்.

அவர் குனிந்து கால்களைப் பார்த்தார். “இதுக்கு லக்கேஜ் போட்டாப் போதுமே எக்கா. வரும்போது முழுசா வந்ததுக்கே லக்கேஜ்தான் போட்டேன்.”

“அன்னைக்கு ஒமக்குத் தெரியாது. இன்னைக்குத் தெரிஞ்சுக்கிடும். சாமான் இல்ல, ஆளு. மாசானம்.”

கண்டக்டரும் ஏழாங்கல்காரர்தான். பழக்கதோஷத்தில் வாயில் வந்துவிட்டது.

“எந்த மாசானம்?”

ஜன்னலுக்கு வெளியே கொம்பையா தலையைக் குனிந்துகொண்டான். குருவம்மா ஆளை நிமிர்ந்து பார்த்தாள்.

“இரும்பழகன் மாசானம்,” என்றாள்.

அவர் முழு டிக்கெட் ரெண்டு கிழித்துக் கொடுத்தார்.